இமைக்காத மாப்பிள்ளை

என் அக்கா வீட்டுக்காரர் சினிமாவில் இருக்கிறார் என்று சொன்னதும் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "எந்தப் படம்?" என்பார்கள். படத்தின் பெயரைச் சொன்னால், "அதுல யாரா வர்றார்?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏனென்றால் அத்தான் ஒரு படத்தில் கதவாக வந்தார். இன்னொரு படத்தில் மழையாக. வேறொன்றில், வில்லன் வீட்டில் தானாக அணைந்து தானாக எரியும் விளக்காக.

ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு ஆர்ட் டைரக்டரின் அலுவலகத்தில் மெஷின் பழுதாகி, சரி செய்யப் போன இடத்தில், பேய் படத்துக்கு ஒரு அலமாரி தானாகத் திறக்க மாட்டேன் என்று மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அத்தான் ஜெராக்ஸ் மெஷினின் பழைய மோட்டார் ஒன்றை அதற்குள் பொருத்தினார். அலமாரி திறந்தது. அவரும் அதற்குள் போனவர்தான், அப்புறம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு ஆள் இல்லாமல் கதவு திறக்க வேண்டும், மேகம் இல்லாமல் மழை பெய்ய வேண்டும், காற்று இல்லாமல் திரைச்சீலை பறக்க வேண்டும் என்றால் அவரைக் கூப்பிட்டார்கள். படம் வெளிவந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவார். சரியான இடத்தில் அவள் முழங்கையில் இடித்து, "இப்ப பாரு" என்பார். கதவு திறக்கும்.

"கதவு நல்லா நடிச்சிருக்குங்க" என்பாள் அக்கா. "ஹீரோதான் கொஞ்சம் கதவு மாதிரி நின்னான்."

அக்கா ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். நாள் முழுக்கக் காலர் பார்த்துவிட்டு வந்தவளுக்கு சினிமாவில் பாதி நேரம் நடிகர்களின் கழுத்துதான் கண்ணில் படும். நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தேன். எங்கள் பரம்பரையிலேயே முதலில் பட்டம் வாங்கியவன்; வாங்கிய பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு உதவி இயக்குநராகக் கிளாப் போர்டு அடித்துக்கொண்டிருந்தேன். "ஒருத்தர் கதவு, ஒருத்தன் கட்டை. என் குடும்பமே மரக்கடை" என்று அக்கா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

அப்போதுதான் அந்த ரோபோ படம் வந்தது.

கதை இதுதான். ஒரு விஞ்ஞானி, செத்துப்போன தன் தம்பியைப் போலவே ஒரு ரோபோ செய்கிறான். அது பேசும், சிரிக்கும், நடக்கும். ஒன்று மட்டும் செய்யாது. இமைக்காது. அதை வைத்துத்தான் அது மனுஷன் இல்லை என்று எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். கடைசியில் அதை நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வருகிறது. "தூங்குடா, காலையில எழுப்பி விடறேன்" என்று அண்ணன் பொய் சொல்கிறான். பொய் என்று அதற்குத் தெரியும். தெரிந்தும் அவனைப் பார்த்து ஒரே ஒரு முறை இமைக்கிறது. அவ்வளவுதான், படம் முடிந்தது.

நெருக்கத்தில் எடுக்கும் காட்சிகளுக்காக நிஜமாகவே ஒரு தலையும் மார்பும் செய்தார்கள். ஃபைபர் மண்டை, மேலே ரப்பர் தோல், உள்ளே குட்டி மோட்டார்கள். இரண்டு ரிமோட். வாய் ஒருவரிடம், கண் அத்தானிடம். யூனிட்டில் அந்த ரோபோவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது, சுற்றி நின்று நாலு பேர் விசிறி, குடை, பவுடர் என்று தாங்க வேண்டும் என்றால் வேறு என்ன பெயர் வைப்பது? ரிமோட்காரர்கள் இருவருக்கும்கூடப் பெயர் மாறியது. ஒருவர் வாய், ஒருவர் கண்ணு. வாய் என்கிறவர் நாள் முழுக்க நாலு வார்த்தை பேச மாட்டார். லைட்மேன்கள் மேலே இருந்து, "கண்ணு, சாப்டியா கண்ணு?" என்று கொஞ்சுவார்கள். அத்தான் முறைப்பார்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முகம் கிடைத்திருந்தது. கதவு திறந்தால் கதவு, மழை பெய்தால் மழை; இமை மூடினால் அது நடிப்பு. படத்தின் கடைசி இமைப்பு தன் கட்டைவிரலில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனுஷன் வேறு ஆளாகிவிட்டார்.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சோப்பு அட்டையை வெட்டி ஒரு இமை செய்தார். அதை ஒரு மோட்டாரில் ஒட்டி ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அட்டை இறங்கும், ஏறும், இறங்கும், ஏறும்.

"என்னங்க, தட்டு வைக்கணும். உங்க இமையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள் அக்கா.

"பாரு, பாரு. இது பொம்மை இமைப்பு." டப்பென்று மூடித் திறந்தார். "இப்ப பாரு." அட்டை மெல்ல இறங்கி, பாதியில் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு முழுக்க மூடி, அதைவிட மெதுவாகத் திறந்தது. "நடுவுல நின்னுச்சு இல்ல? அங்கதான் அது யோசிக்குது. இவன் பொய் சொல்றான்னு அதுக்குப் புரியுது. சரி, போகட்டும்னு விடுது. அப்புறம்தான் மூடுது."

"இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவை இப்படிப் பார்த்திருப்பீங்களா?"

"நான் எப்ப உன் பொய்யைக் கண்டுபிடிச்சேன், அப்படிப் பார்க்கறதுக்கு?"

அக்கா கரண்டியால் அட்டையை ஒதுக்கிவிட்டுத் தட்டை வைத்தாள். இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனாலும் அந்த அட்டை ஒருமுறை எங்களைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் விடும்.

படப்பிடிப்பில் சங்கடம் வேறு மாதிரி வந்தது. ரப்பர் இமை கனம். மோட்டாரைச் சும்மா விட்டால் இமை பாதி தொங்கி, மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஆகிவிடுவான். அதனால் ரிமோட்டில் உள்ள குச்சியை அத்தான் ஷாட் முழுக்க மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விரல் தளர்ந்தால் இமை விழும். அதாவது, எதுவும் நடக்காமல் இருப்பதற்காக ஒரு மனுஷன் நாள் முழுக்க வேலை செய்தார். வாய்க்காரராவது அவ்வப்போது வசனம் பேச வைப்பார். அத்தான் பிடித்துக்கொண்டே நிற்பார்.

ஒருநாள் ஹீரோவுக்கு நீளமான அழுகைக் காட்சி. நல்ல நடிகர்தான், ஆனால் அழுகை வர நேரமாகும். அன்றைக்கு வந்துவிட்டது. செட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வாய்க்காரர் தும்மினார். பக்கத்தில் நின்ற அத்தான் திடுக்கிட்டுக் கண்ணைச் சிமிட்ட, கண்ணோடு சேர்ந்து கட்டைவிரலும் சிமிட்டியது. வலது இமை ஒட்டிக்கொள்ள, இடது இமை மட்டும் இறங்கி ஏறியது.

"நான் இங்க உயிரைக் குடுத்து அழறேன், இவன் கண்ணடிக்கிறான்!" என்று ஹீரோ நாற்காலியை உதைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க அவருக்கு அழுகை திரும்ப வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் வந்தது.

டைரக்டர் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. தோளில் கை வைத்து, "சார், ப்ளீஸ் சார், கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்றார். அத்தானுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் தன்னையே பழக்கினார். நான் கிளாப் அடித்து, "ஆக்‌ஷன்" என்ற சத்தம் வந்ததும் அவர் கண் விரியும், கட்டைவிரல் குச்சியை நசுக்கும். "கட்" வரும்வரை உலகமே இடிந்தாலும் அது அசையாது. கண்ணில் நீர் கோத்து, வெள்ளை விழி சிவந்து வீட்டுக்கு வருவார். தெருமுனைக் கடைக்காரர் அக்காவிடம், "அண்ணன் இப்பல்லாம் சாப்பிடறாரோ?" என்று இரக்கத்தோடு விசாரித்தார். "அவர் எங்கங்க சாப்பிடறார், முறைச்சு முறைச்சுப் பார்த்து வயித்தை நிரப்பிக்கறார்" என்றாள் அவள்.

கடைசிக் காட்சியைக் கடைசி நாளில்தான் எடுத்தார்கள். அன்று மாலை ஹீரோ வெளிநாடு கிளம்புகிறார். அத்தான் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார், காலர் அக்கா கைவேலை. ஒத்திகையில் இமை அருமையாக இறங்கியது. மேக்கப் செய்யும் அம்மா, "ஐயோ, மாப்பிள்ளை என்னையே பார்க்கிற மாதிரி இருக்கே" என்று கன்னத்தில் கை வைத்தார்.

கிளாப் அடித்தேன். "ஆக்‌ஷன்."

ஹீரோ பொய் சொன்னார். அழுதார். தலையைக் கோதினார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கட். என்ன சார் ஆச்சு?"

"மோட்டார் சிக்கிக்கிச்சு சார்" என்றார் அத்தான். மண்டையைத் திறந்து பார்த்தார்கள். மோட்டாரில் ஒன்றுமில்லை. இமை ஏறி இறங்கி, எங்கள் கண் முன்னால் பாதியில் நின்று, யோசித்து, மூடித் திறந்தது.

மறுபடியும் கிளாப். மறுபடியும் இமை அசையவில்லை. நான் அவர் பக்கத்திலேயே நின்றதால் பார்த்துவிட்டேன். கட்டைவிரல் நகம் வெள்ளையாகும் அளவுக்குக் குச்சியை மேலே நசுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தளர்த்தப் படாத பாடு படுகிறார். மணிக்கட்டை உதறுகிறார், விரல் மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது.

"அத்தான், விடுங்க" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"விட மாட்டேங்குதுடா."

"ஆக்‌ஷன்" சொல்லாமல் எடுத்துப் பார்த்தோம். செட் அமைதியானதுமே விரல் தெரிந்துகொண்டது. அவரைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தோம், காதில் பஞ்சு வைத்தோம். நான் கிளாப்பை அடிக்காமல் சும்மா காட்டினேன். எதற்கும் ஏமாறவில்லை. இவ்வளவு நாள் அடக்கி அடக்கி வளர்த்த விரல் இப்போது அவர் பேச்சையே கேட்கவில்லை. "இடது கையில பிடிங்க சார்" என்றார் கேமராமேன். இடது கைக்கு அந்த இமைப்பு தெரியாது. கடைசியில் வாய்க்காரரிடம் ரிமோட்டைக் கொடுத்தார்கள். அவர் குச்சியை ஒரேயடியாகக் கீழே தள்ளினார். கடை ஷட்டர் விழுகிற மாதிரி இமை விழுந்தது.

ஹீரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேக்கப் வழிந்து கழுத்துக்கு வந்திருந்தது. டைரக்டர் மானிட்டரிலிருந்து எழுந்து வந்து, அத்தானின் தோளில் கை வைத்து, எப்போதும்போல் இதமாகச் சொன்னார்.

"டென்ஷன் ஆகாதீங்க சார். கிராபிக்ஸ்ல பண்ணிக்கலாம்."

பூசணிக்காய் மாதிரி மாப்பிள்ளையின் தலையைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது, அத்தான் ரிமோட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் இருந்து அது ஒருமுறை அழகாக இமைத்தது. கேமராவையெல்லாம் மூடிக் கட்டியாகிவிட்டது. "இப்ப பண்ணு, நல்லா பண்ணு" என்று அவர் தன் கட்டைவிரலைத் திட்டியது எனக்கு மட்டும் கேட்டது.

வீட்டில் மூன்று நாள் அந்த அட்டை இமை மூலையில் கிடந்தது. பிறகு வந்த எரிச்சலெல்லாம் என்மேல் விழுந்தது. நான் படித்தவன், நான் டைரக்டரோடு திரிகிறவன், இன்னும் ஒரு நாள் கேட்டிருக்கக் கூடாதா? "கிளாப் அடிக்கிறவன் கேட்டா ஒரு நாள் தருவாங்களா அத்தான்?" என்றால், "பின்ன என்னத்துக்குடா படிச்சே?" இதற்குப் பாடத்திட்டத்தில் பதில் இல்லை.

சில மாதம் கழித்துக் கிராபிக்ஸ் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். எத்தனை முறை செய்தும் டைரக்டருக்கு இமைப்பு பிடிக்கவில்லையாம். நான்தான் அத்தானை இழுத்துக்கொண்டு போனேன். வெயில் தெரியாத, குளிரூட்டிய அறை, வரிசையாகத் திரைகள். சால்வை போர்த்திய ஒரு பெண் கேமராவைக் காட்டி, "அங்கிள், நீங்களே ஒருவாட்டி கண்ணை மூடித் திறங்க. அதைப் பார்த்துப் பண்ணிக்கறேன்" என்றாள்.

"என் கண்ணு எதுக்கும்மா? அது தூசி விழுந்தா மூடும். நீ இதைப் பாரு."

பையிலிருந்து சோப்பு அட்டையையும் மோட்டாரையும் எடுத்து மேஜையில் வைத்தார். அங்கே யாரும் கிளாப் அடிக்கவில்லை, யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒருத்தன் போனில் கல்யாணச் சத்திரம் விசாரித்துக்கொண்டிருந்தான். அட்டை இறங்கியது, நின்றது, மூடியது, திறந்தது.

"நடுவுல ஏன் அங்கிள் நிக்குது? ஸ்டக் ஆகுதா?"

"ஸ்டக் இல்லம்மா. யோசிக்குது."

அவள் அதைப் படம் பிடித்துக்கொண்டு, அன்று மாலைக்குள் மாப்பிள்ளையின் முகத்தில் ஏற்றிக் காட்டினாள். அத்தான் திரைக்குக் கிட்டே குனிந்தார். "இன்னொருவாட்டி போடும்மா" என்றார். அவள் போட்டாள். "இன்னொருவாட்டி." படியிறங்கும்போது, "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "படத்துல இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

இருந்தது, விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டும்வரை. கடைசி ஷாட்டில் இமை பாதியில் நின்றபோது இரண்டு பேர் திரும்பிப் புரொஜெக்டரைப் பார்த்தார்கள். படம் மாட்டிக்கொண்டதாம். மறுநாள் எடிட்டிங் அறையில் அந்த மூச்சளவு நேரத்தை வெட்டிவிட்டார்கள். நான் அங்கேதான் இருந்தேன். நேராக வந்து அத்தானிடம் சொல்லிவிட்டேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், பின்னாலேயே நானும். ஒரு கதவுக்காகவோ மழைக்காகவோ யாரிடமும் குரல் உயர்த்தாதவர். டைரக்டரின் அறைக்குள் போய், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"நடுவுல நிக்கலைன்னா அது வெறும் பொம்மை சார்."

"புரியுது சார். எனக்கும் வருத்தம்தான். ஆனா பாக்கறவங்களுக்கு மெஷின் ரிப்பேர்னு தோணுது சார். அதான் உங்க பேரைப் போட்டிருக்கோமே. ‘கண் இயக்கம்’னு தனியா, பெருசா."

"பேரை எடுத்துடுங்க. அந்த நிக்கற இடத்தைத் திருப்பிக் குடுங்க."

டைரக்டர் அவர் தோளில் கை வைத்தார். "பாக்கறேன் சார்" என்றார். எதிரே இருந்த உதவியாளர் எதையோ குறித்துக்கொண்டார். பார்க்கிறேன் என்பதற்கு எங்கள் தொழிலில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் படம் வரும்வரை அவர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெளியான அன்று மூவரும் போனோம். வெட்டியதைப் பற்றி அக்காவிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. கடைசிக் காட்சி வந்தது. ஹீரோ பொய் சொன்னார். அத்தான் இந்த முறை அவள் முழங்கையை இடிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இமைத்தான். டப்பென்று மூடி, டப்பென்று திறந்தான். அரங்கமே கை தட்டியது.

"நடுவுல நிக்கலையே!" என்றாள் அக்கா.

அந்தச் சத்தத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் பாதி எழுந்துவிட்டிருந்தாள். "ஏங்க, நிக்கலையேங்க! நின்னுதானே மூடணும்?"

முன் வரிசைக்காரர் திரும்பினார். "உக்காருங்கம்மா, மறைக்குது."

"நீங்க எதுக்குக் கை தட்டறீங்க? அது தப்பா மூடிடுச்சு. பாதியில நின்னு யோசிக்கணும் அது. எங்க வீட்டுல தினம் பார்த்திருக்கேன்."

"உங்க வீட்டு ரோபோவா?" என்றார் அவர். நாலு பேர் சிரித்தார்கள். அத்தான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிடித்த கையை விடவில்லை.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எல்லோரும் எழுந்து போக, நாங்கள் மட்டும் இருந்தோம். வாய் இயக்கம் வந்தது, வாய்க்காரர் பெயர் இருந்தது. குடை பிடித்தவர் பெயர் வந்தது. என் பெயர்கூடப் பதினோராவது உதவி இயக்குநராக ஓடிப் போனது. கண் இயக்கம் வரவில்லை. அவர் கேட்டதில் பாதியை மிகவும் நேர்மையாகச் செய்து முடித்திருந்தார்கள்.

விளக்குகள் போட்டார்கள். துடைப்பத்தோடு ஒருவர் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார்.

"உங்க பேரு எங்க?" என்றாள் அக்கா.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்." நடந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னார், வெட்டியதிலிருந்து, பேரைக் கொடுத்து இடத்தைக் கேட்டதுவரை.

அக்கா முழுக்கக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உன் டைரக்டருக்குப் போன் போடு."

"அக்கா, இன்னைக்கு ரிலீஸ். அவர் எங்க எடுக்கப் போறார்? அதுவும் இனிமே மாத்த முடியாது."

"மாத்தறதோ மாத்தாததோ, அது அவன் பாடு. தப்பா மூடினதை ஒருத்தி பார்த்துட்டான்னு அவனுக்குத் தெரியணும் இல்ல? போடு."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. துடைப்பக்காரர் எங்கள் வரிசைக்கு வந்து, காலைத் தூக்கச் சொன்னார். மூவரும் காலைத் தூக்கிக்கொண்டோம். போன் அடித்து ஓய்ந்தது.

"எடுக்கல" என்றேன்.

"மறுபடியும் போடு" என்றாள் அக்கா.